விரிப்பு நிறையும் முன்

1991ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் பதினொன்றாம் நாள், புதன்கிழமை. விடியலிலிருந்து தூறல். காற்று கடற்பக்கமிருந்து வீசியது. கடலில் தெரியும் ஆமைத் தீவு மேகத்துள் மறைந்திருந்தது. தைவானின் யிலான் சமவெளியில் இத்தகைய நாளை மழைநாள் என்று எவரும் சொல்வதில்லை. குடையை விரிக்காமலே மிதிவண்டியில் வாத்து நோய் ஆய்வு நிலையத்துக்கு வந்து சேர்ந்தேன். அன்று காலை, என் பெயர் என் அனுமதியின்றி ஒரு பொய்யின் அடியில் நிற்கக் கண்டேன்.

பொய் என்னும் சொல்லை எண்ணிப் பார்த்தே இங்கு எழுதுகிறேன். அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை முதலில் விளக்குதல் வேண்டும்.

எங்கள் நிலையத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் முத்திரை உண்டு. அம்முத்திரைகள் யாவும் அலுவலகப் பொறுப்பாளர் பான் அக்காவின் மேசையில், நிலாப் பண்டிகை அப்பங்கள் வந்த பழைய தகரப் பெட்டி ஒன்றில் கிடக்கும். விடுப்பாயினும் சம்பளமாயினும் மதிய உணவுப் பொட்டலமாயினும் நாங்கள் நேரில் சென்று முத்திரையிடுவதில்லை. பான் அக்கா பெட்டியைத் திறப்பார். உரிய முத்திரையைத் துழாவி எடுப்பார். சிவப்பு மையில் ஒற்றிப் பதிப்பார். இவ்வழக்கத்தால் எவருக்கும் தீங்கு நேர்ந்ததில்லை. ஆதலால் இதை ஒரு வழக்கம் என்றுகூட எவரும் நினைத்ததில்லை.

அன்று பான் அக்காவின் மேசைமேல், மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பப்பட வேண்டிய அறிக்கை ஒன்று கிடந்தது. கோடையில் செம்முக வாத்துக் குஞ்சுகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்கி, கால் மடங்கி, கூட்டங்கூட்டமாக இறந்திருந்தன. அதன் காரணத்தை ஆராய்ந்த அறிக்கை அது. வைரஸ் எதுவும் இல்லை; குளிராலும் ஈரத்தாலும் வளர்ப்போரின் கவனக்குறைவாலும் குஞ்சுகள் இறந்தன; இதுவே அதன் முடிவு. அடியில், சோதனை செய்தவர் என்னும் இடத்தில், யோ சூ-யுன் என்ற என் பெயர் சிவப்பாகப் பதிந்திருந்தது.

நான் அந்த அறிக்கையை எழுதவில்லை. அதற்கு முன் அதைப் பார்த்ததும் இல்லை.

பான் அக்காவிடம் கேட்டேன். அவர் அவித்த வேர்க்கடலையை உரிப்பதை நிறுத்தவில்லை.

“டைரக்டர் குடுத்தாரு, நான் குத்தினேன். முத்திரை டப்பாவுல கெடக்கறது எதுக்கு? அழகு பாக்கவா?”

“நான் படிக்காம என் பேரு எப்படிக்கா அதுல வரும்?”

“உன் லீவுத் தாளையும்தான் நீ படிக்கல. அப்பல்லாம் இனிச்சுதா?”

பெட்டியைத் திறந்து என் முத்திரையைத் தேடி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அறையிலிருந்த அனைவரும், நிலையத்தின் நாற்காலியை நான் வீட்டுக்குத் தூக்கிச் செல்வதுபோலப் பார்த்தனர். இனி என் சம்பளத்துக்கு யார் வந்து குத்துவது என்று பான் அக்கா கேட்டார். நானே வருகிறேன் என்றேன்.

என்னைப் பற்றி இங்குச் சிறிது கூறுதல் பொருத்தமாகும். முப்பத்தொரு வயதுவரை நான் ஏற்றுமதிக் குடை ஆலையில் துணி தைத்தேன். அதன்பின் இரவுப் பள்ளியில் சேர்ந்தேன். என் வயதில் பாதியே ஆனவர்களுடன் அமர்ந்து தொழில்நுட்பக் கல்லூரி முடித்தேன். அரசுத் தேர்வில் தேறினேன். நாற்பத்திரண்டாம் வயதில் செல் வளர்ப்பு அறையின் உதவி ஆய்வாளர் ஆனேன். பாடநூல்களைப் பிறர் தேர்வுக்காகப் படித்தனர். நான் அவற்றை நம்பிப் படித்தேன். இதை எவரேனும் குறை என்று கருதினால் கருதட்டும்.

அறிக்கையை எடுத்துக்கொண்டு நேரே இயக்குநர் லான் திங்-குவாங்கின் அறைக்குச் சென்றேன். அவர் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு கிண்ணம் ஊற்றினார். கோபத்தில் வருபவர் எவருக்கும் அவர் அவ்வாறே செய்வார். பிறிதொரு வாத்து நோயின் வைரஸைச் செல்களில் வளர்க்கும் முறையை எங்கள் நிலையத்தில் நிறுவியவர் அவரே. அம்முறைதான் எங்கள் அறைச் சுவரில் சட்டமிட்டுத் தொங்கியது.

“நாலு தடவை பண்ணீங்க, மிஸ் யோ,” என்றார் அவர். “நாலு தடவையும் செல்லுங்க சொகமா படுத்திருந்துச்சு. வைரஸ் இருந்தா செல் சாகணும். சாகல. நான் வேற என்னத்த எழுதறது?”

“தெரியலன்னு எழுதுங்க. இல்லைன்னு எழுதாதீங்க.”

“தெரியலன்னு எழுதறதுக்கா அரசாங்கம் நம்மள வெச்சிருக்கு?”

இவ்விடத்தில் செல் வளர்ப்பு பற்றிச் சில வரிகள் இன்றியமையாதன.

வைரஸ் தானாக வளராது. உயிருள்ள செல்லுக்குள் நுழைந்து, அச்செல்லின் கருவிகளைக் கொண்டே தன்னைப் பெருக்கிக்கொள்ளும். எனவே நோயில்லாத பண்ணையிலிருந்து கரு வளர்ந்த வாத்து முட்டைகளை வாங்கி, கருவை எடுத்து நறுக்கி, நொதியிட்டுக் கரைத்துச் செல்களைப் பிரிப்போம். ஊட்ட நீரில் கலந்து தட்டையான குடுவைகளில் ஊற்றினால், செல்கள் அடியில் ஒட்டிப் பிரிந்து பெருகி, இரண்டு மூன்று நாளில் இடைவெளியின்றி ஒரே விரிப்பாகும். விரிப்பு நிறைந்ததும், இறந்த குஞ்சுகளின் உறுப்புகளை அரைத்து எடுத்த நோய்ப்பொருளை இடுவோம். அதில் வைரஸ் இருப்பின் செல்கள் சுருண்டு மடியும், விரிப்பு கிழியும். சட்டமிட்டுத் தொங்கிய முறை இதுவே. நான்கு முறையும் இதையே நான் பிழையின்றிச் செய்தேன்.

ஆனால் எல்லா வைரஸும் ஒரே குணமுடையன அல்ல. மிகச் சிறிய ஒருவகை வைரஸ் உண்டு. செல் இரண்டாகப் பிரியும் வேளையில் இயங்கும் கருவிகள் மட்டுமே அதற்குப் பயன்படும். விரிப்பு நிறைந்தபின் செல்கள் பிரிவதை ஏறக்குறைய நிறுத்திவிடுகின்றன. அடுப்பை அணைத்துவிட்ட சமையலறைக்குள் பசியோடு நுழைவதற்கு ஒப்பானது அது. எனவே விரிப்பு நிறையும்வரை காத்திருத்தல் கூடாது. செல்களைக் குடுவையில் இடும்போதே வைரஸையும் இட வேண்டும். எங்கள் குஞ்சுகளைக் கொன்றது அவ்வகை வைரஸே என்பது என் கருத்து. மூன்று வாரத்துக்கு உட்பட்ட குஞ்சுகளே இறந்தன. உடலெங்கும் செல்கள் விரைந்து பிரியும் பருவம் அது.

இதை இயக்குநரிடம் கூறினேன். அவர் அறியாதவர் அல்லர். என் பாடநூலின் முந்தைய பதிப்பை அவர் மாணவராக இருந்தபோதே படித்துவிட்டார். அவருடைய மறுப்புக்கு வேறொரு காரணம் இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் இதே நிலையத்தில் ஒருவர் செல்லையும் நோய்ப்பொருளையும் ஒன்றாக இட்டார். செல்கள் மடிந்தன. புதிய வைரஸ் என்று அறிவித்தார்கள். பிறகு பார்த்தால், நோய்ப்பொருளோடு வந்த பாக்டீரியாக்களே செல்களைக் கொன்றிருந்தன. தைபெயில் அதிகாரிகள் முன் எழுந்து நின்று அதைத் திரும்பப் பெற்றவர் லான். விரிப்பு நிறைந்திருந்தால் அதில் நேரும் கேடு கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும், நிறையாத விரிப்பில் எதையும் எதுவென்றும் சொல்லிவிடலாம் என்றார் அவர். அந்த அச்சம் நியாயமானது என்று அன்றும் எண்ணினேன், இன்றும் எண்ணுகிறேன். அச்சம் நியாயமானது என்பதால் முடிவு உண்மையாகிவிடாது.

“சரி,” என்றார் கடைசியில். “ரெட்டைப் பத்து லீவுக்கு முந்தின நாள், அக்டோபர் ஒம்பது சாயங்காலம் வரைக்கும் அறிக்கை என் டிராயர்ல இருக்கட்டும். தாழ்வாரக் கடைசியில பழைய அறை இருக்கு, எடுத்துக்கங்க. அதுக்குள்ள வளரலன்னா?”

“வளரலன்னா இதே அறிக்கையில என் கையாலயே இன்னொரு தடவ குத்தறேன். செல் அறையை விட்டுட்டு முட்டை கழுவப் போறேன்.”

“நான் அதக் கேக்கல.”

“நான் சொல்றேன்.”

தேநீரைக் குடிக்காமலே எழுந்து வந்தேன்.

பழைய அறை நிலையத்திலேயே மிகச் சிறியது; ஆயினும் ஈரம் உறிஞ்சும் எந்திரம் ஒன்று அங்கே இடையறாது ஓடியது. அறையைக் கிருமிநீக்கித் துடைத்துத் தயாரித்தேன். உதவிக்கு வந்தவர் ஜியான் வென்-போ. முப்பது வயது நிரம்பாத சக ஆய்வாளர். எதையும் கேலி செய்யாமல் அவரால் ஒரு வேளைச் சோறு உண்ண முடியாது. எந்திரங்கள் அடங்கி நடக்க வேண்டுமென்று எங்கள் ஊரில் வைக்கும் பச்சைப் பொட்டல நொறுக்குத் தீனியை, குடுவைகளை வைத்து வளர்க்கும் வெப்பப்பெட்டியின் தலைமேல் அவரே கொண்டுவந்து வைத்தார். பெட்டி அடங்கிவிடும், யோ அக்காவை அடக்க எத்தனை பொட்டலம் வைப்பது என்று கேட்டார்.

எனக்கு இன்னொரு பொருளும் தேவைப்பட்டது: நோயில் பிழைத்த வாத்துகளின் இரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீர், அதாவது சீரம். அதன் பயன் இதுதான். பிழைத்த வாத்தின் இரத்தத்தில் அவ்வைரஸை மட்டும் பிடித்துக் கட்டும் எதிர்ப்பொருள் இருக்கும். ஒரு வரிசைக் குடுவைகளில் நோய்ப்பொருளைத் தனியாகவும், மறுவரிசையில் அச்சீரத்தோடு கலந்தும் இட வேண்டும். முதல் வரிசை மடிந்து இரண்டாம் வரிசை பிழைத்தால், கொன்றது பாக்டீரியா அன்று, நஞ்சன்று, அவ்வைரஸே என்பது உறுதி. லானின் அச்சத்துக்கு நான் கண்ட விடை இது.

வாத்துகளைக் கொண்டுவந்தவர் ஆ-கிம் பெரியம்மா. டோங்ஷான் ஆற்றங்கரையில் வாத்து வளர்ப்பவர். கோடையில் குஞ்சுக் கொட்டகையை ஏறக்குறைய முழுவதும் இழந்தவர். பிழைத்த நான்கு வாத்துகளை மூங்கில் கூடையில் வைத்துச் சரக்கு வண்டியில் வந்து இறங்கினார். கூடவே ஒரு சாக்கு நிறையப் பொமேலோ எனும் பம்பளிமாசுப் பழங்கள். வாத்துகளிடமிருந்து இரத்தம் எடுக்கும்போது அவற்றின் சிறகுகளை அவரே பிடித்துக்கொண்டார். அறிக்கையின் முடிவு அவர் காதுக்கும் எட்டியிருந்தது.

“மழையில நனைஞ்சு செத்துச்சாமே?” என்றார்.

“அப்படித்தான் எழுதியிருக்காங்க, பெரியம்மா.”

“இந்த ஊர்ல மழையில சாகற வாத்து இருந்தா, எங்க மாமனார் காலத்துலயே ஒண்ணு மிஞ்சியிருக்காது. எழுதினவங்க எந்த ஊரு?”

“இந்த ஊருதான்.”

“அப்ப வெக்கமாவது இருக்கணும்.” பிறகு என் முகத்தைப் பார்த்தார். “நீ என்னமோ குடை தைச்சவளாமே?”

“ஆமா.”

“பரவால்ல. மழைன்னா என்னன்னு உனக்காவது தெரிஞ்சிருக்கும்.”

பொமேலோவை உடனே உண்ணக் கூடாது என்பது இங்கு எல்லாரும் அறிந்தது. காற்றோட்டமான, ஈரமற்ற இடத்தில் சில நாள் வைத்துத் தோல் சுருங்கும்வரை நீர் வற்ற விட வேண்டும். அப்போதுதான் நிலாப் பண்டிகைக்கு இனிக்கும். ஆனால் யிலானில் ஈரமற்ற இடத்துக்கு எங்கே போவது? யிலானிலேயே உலர்ந்த இடம் இந்த அறை ஒன்றுதான் என்று வென்-போ சொன்னார். பழங்களை அறையின் முன்பகுதியில், கண்ணாடித் தடுப்புக்கு வெளியே அடுக்கினார். நான் தடுக்கவில்லை. தடுக்கத் தோன்றவும் இல்லை. என் தாயார் அரிசிப் பெட்டிமேல் அடுக்குவதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். வீட்டில் இருப்பது போலவே அவை அங்கு இருந்தன.

முதற் சுற்று தொடங்கியது. செல்களோடு நோய்ப்பொருளையும் ஒருசேர இட்டேன். நோய்ப்பொருளைப் பாக்டீரியா நுழைய இயலாத நுண்வடிகட்டியில் முன்னரே வடித்திருந்தேன். ஒப்பிடுவதற்காக மூன்றாவது வரிசை ஒன்றில் செல்களை நிறைவிரிப்பாக வளர்த்து, சட்டத்தில் தொங்கிய முறைப்படி அதன்மேல் இட்டேன். முதற் சுற்றில் எதுவும் நிகழவில்லை. செல்கள் கதிர்போல நீண்டு, ஒன்றையொன்று தழுவி வளர்ந்தன.

இது தோல்வி அன்று. புதிய இடத்துக்கு வந்த வைரஸ் முதற் சுற்றில் சிறிதளவே பெருகும். அந்த நீரை எடுத்துப் புதிய செல்களுக்கு இட வேண்டும். மீண்டும் எடுத்து மீண்டும் இட வேண்டும். கண்ணுக்கு எதுவும் தெரியாவிடினும் தொடர்வதே முறை. நீரில் ஒரு பகுதியை ஒவ்வொரு சுற்றிலும் உறைபெட்டியில் காத்து வைத்தேன். இரண்டாம் சுற்றிலும் கேடு ஏதும் இல்லை. குடுவையின் ஓரங்களில் மட்டும் சில செல்கள் உருண்டிருந்தன. வென்-போவை அழைத்துக் காட்டினேன். நுண்ணோக்கியில் நெடுநேரம் குனிந்திருந்தார். பிறகு, தனக்கும் வயதாகிவிட்டது போலிருக்கிறது, எதுவும் தெரியவில்லை என்றார்.

நிலாப் பண்டிகை வந்தது. எல்லா நிலையத்தாரையும் போல நாங்களும் முற்றத்தில் கரியடுப்பு வைத்து இறைச்சி சுட்டோம். பழங்களில் பாதியை உரித்து உண்டோம். மறுபாதி அறையிலேயே இருந்தது. அன்று மூன்றாம் சுற்று குடுவைகளில் வளர்ந்துகொண்டிருந்தது.

பண்டிகை கழிந்த மூன்றாம் நாள் வெப்பப்பெட்டியைத் திறந்தேன். குடுவைகளின் நீரில் வெண்பஞ்சு போன்ற தீவுகள் மிதந்தன. ஒன்றின் நடுவில் பச்சை நிறம் தொடங்கியிருந்தது. மூன்று வரிசையும், ஒரு குடுவை எஞ்சாமல், கெட்டிருந்தன.

அப்போதுதான் திரும்பி முன்பகுதியைப் பார்த்தேன். அடுக்கின் அடியில் இருந்த பொமேலோ ஒன்று அழுகி, அதே பச்சைத் தூளை ஆடையாக அணிந்திருந்தது. ஈரம் உறிஞ்சும் எந்திரம் அத்தூளை நாள்முழுதும் அறையெங்கும் சுழற்றியிருக்கிறது. பழம் உலர்த்தத் தகுந்த அறை செல் வளர்க்கத் தகாதது என்பதை, ஈரத்துக்கு அஞ்சி வாழும் எங்களில் ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

செய்தி தாழ்வாரத்தின் மறுமுனையை அடைய நேரமாகவில்லை. இயக்குநர் வந்தார். குடுவை ஒன்றை எடுத்து விளக்கொளியில் பிடித்துப் பார்த்தார். அவருடைய முகத்தில் மகிழ்ச்சி இல்லை. அதைச் சொல்லியாக வேண்டும். பழைய நிகழ்ச்சி அவருக்கு நினைவு வந்திருக்கும்.

“இதத்தான் சொன்னேன். இதுக்கும் ஒரு பேரு வெச்சு வைரஸுன்னு எழுதப் போறீங்களா?”

“பூஞ்சைக்குப் பூஞ்சைன்னுதான் சீட்டு ஒட்டியிருக்கேன், டைரக்டர். பாருங்க. இத வைரஸுன்னும் எழுத மாட்டேன், அத மழைன்னும் எழுத மாட்டேன்.”

“மிஸ் யோ, போதும். யாரும் உங்கள முட்டை கழுவ அனுப்பப் போறதில்ல. இத இதோட விட்டுருங்க.”

“நாள் இன்னும் இருக்கு.”

அவர் குடுவையை இருந்த இடத்திலேயே வைத்தார். பிறகு, மீதிப் பழங்களையாவது அப்புறப்படுத்துங்கள் என்று கூறிச் சென்றார். விட்டுவிடலாம் என்று அவர் சொன்னது கருணை. கருணையை ஏற்றிருந்தால், அறிக்கை என் பெயரோடு மாவட்டத்துக்குப் போயிருக்கும். ஆ-கிம் பெரியம்மாவின் கவனக்குறைவு அரசுப் பதிவாகியிருக்கும். பிழைத்த குஞ்சுகளோடு அந்த வைரஸும் அடுத்த கோடைக்குக் காத்திருந்திருக்கும்.

பொமேலோக்கள் அனைத்தையும் அன்றே வெளியேற்றினேன். வென்-போ அவற்றைச் சுமந்தார். கேலி செய்யாத அவரை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தேன். எந்திரத்தைக் கழற்றிக் கழுவினோம். சுவர், மேசை, விளக்கு, கதவின் பிடி யாவற்றையும் துடைத்தோம். வெப்பப்பெட்டியைக் காலிசெய்து சுட வைத்தோம். பச்சைப் பொட்டலத்தையும் தூக்கி எறியச் சொன்னேன். அதை எறிந்தால் பெட்டி கோபித்துக்கொள்ளும் என்று அவர் தயங்கினார். கோபித்துக்கொள்ளட்டும், இந்த அறையில் கோபிப்பவர் பட்டியலில் அதுவும் சேரட்டும் என்றேன்.

இரண்டாம் சுற்றின் நீர் உறைபெட்டியில் இருந்தது. புதிய முட்டைகள் வந்தன. உருக்கிய நீரை மீண்டும் வடிகட்டி, மூன்றாம் சுற்றைத் தொடக்கத்திலிருந்து தொடங்கினேன்.

இம்முறை ஓரங்களில் மட்டுமன்றி நடுவிலும் செல்கள் உருண்டன. கதிர்போல் நீண்டிருந்தவை தம் கால்களை உள்ளிழுத்துக்கொண்டு மணிகளாயின. அருகருகே இருந்தவை திராட்சைக் குலைபோல ஒட்டித் திரண்டன. ஆனால் விரிப்பின் பெரும்பகுதி நிலைத்திருந்தது. அவசரப்பட்டு அறிவித்திருந்தால், இது வயதான செல் என்று எவரும் கூறியிருக்கலாம். நான் எவரிடமும் கூறவில்லை. நான்காம் சுற்றுக்குச் சென்றேன்.

இதற்கிடையே பான் அக்கா சம்பளத் தாளோடு நேரே என் அறை வாசலுக்கு வந்தார். என் முத்திரைக்காக நிலையத்தின் கணக்கே நிற்கிறது என்று தாழ்வாரம் முழுதும் கேட்கும்படி முறையிட்டார். கையுறையைக் கழற்றி, சட்டைப்பையிலிருந்து முத்திரையை எடுத்துப் பதித்தேன். அவர் தாளை ஊதி மையை உலர்த்தினார். பின், குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“நானும் அந்தத் தாளப் படிச்சுப் பாத்தேன்டி. எங்க அண்ணன் வீட்லயும் குஞ்சு செத்துச்சு. அவன் கவனக்குறைவான ஆளு இல்ல.”

தாளை மடித்துக்கொண்டு அலுவலகத்துக்குத் திரும்பினார்.

அக்டோபர் ஒன்பதாம் நாள், இரட்டைப் பத்து விடுமுறைக்கு முந்தைய நாள். முற்பகலில் நான்காம் சுற்றின் குடுவைகளை நுண்ணோக்கியில் வைத்தேன். சீரமின்றி வைரஸும் செல்லும் ஒன்றாக இடப்பட்ட வரிசையில் விரிப்பு என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. பூச்சி அரித்த துணிபோலத் துளைகள். துளைகளின் ஓரங்களில் உருண்ட செல்கள். பெரும்பாலானவை கழன்று நீரில் மிதந்தன. நீரோ படிகம்போல் தெளிந்திருந்தது. பூஞ்சையும் இல்லை, கலங்கலும் இல்லை. பிழைத்த வாத்தின் சீரம் சேர்ந்த வரிசையில் செல்கள் நலமுடன் தழுவிக் கிடந்தன. நிறைந்த விரிப்பின்மேல் இடப்பட்ட மூன்றாம் வரிசையும் நலமே. என் நான்கு தோல்விகளும் அந்த மூன்றாம் வரிசையில் நின்றன. ஒரே வைரஸ், ஒரே முட்டையின் செல்கள், இட்ட வேளை ஒன்றே வேறு.

இயக்குநரை அழைத்தேன். அவர் வந்ததும் நுண்ணோக்கியில் அமரவில்லை. வென்-போவிடம் எல்லாக் குடுவைகளிலிருந்தும் சீட்டை உரிக்கச் சொன்னார்; வென்-போவுக்கு மட்டும் தெரிந்த குறியிட்டுக் கலைத்து வைக்கச் சொன்னார்; என்னை அறைக்கு வெளியே நிற்கச் சொன்னார். நான் நின்றேன். இது அவமதிப்பு அன்று. என்னிடத்தில் அவர் இருந்திருந்தால் நானும் இதையே செய்திருப்பேன். இன்னும் கண்டிப்பாகச் செய்திருப்பேன்.

கதவுக் கண்ணாடி வழியே அவருடைய முதுகு தெரிந்தது. குடுவை ஒவ்வொன்றையும் பார்த்து, மடிந்ததை இடப்புறமும் உயிருள்ளதை வலப்புறமும் வைத்தார். ஒன்றிடம் மட்டும் இருமுறை திரும்பி வந்தார். முடிந்தபின் வென்-போ குறிகளைப் படித்தார். இடப்புறம் இருந்தவை அனைத்தும் சீரமின்றி வைரஸும் செல்லும் ஒருசேர இட்டவை. வலப்புறத்தில் அவற்றுள் ஒன்றுகூட இல்லை.

வென்-போ கதவைத் திறந்து, உள்ளே வரும்படி கண்ணால் காட்டினார்.

லான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். இந்த வைரஸுக்கு நிறைந்த விரிப்பு பொருந்தாது என்பதை ஒப்புக்கொண்டார். சட்டத்தில் தொங்கும் முறையோடு ஒரு பத்தி சேர்க்கலாம் என்றார். இதே சோதனையை வென்-போ தனியாக மறுமுறை செய்ய வேண்டும் என்றார், அதற்கும் உடன்பட்டேன். பிறகு, விடுமுறை கழிந்து புதிய அறிக்கை எழுதுவோம், பழையதை அனுப்பப் போவதில்லை, அது அலமாரியில் கிடக்கட்டும் என்றார்.

“அலமாரியில கெடந்தாலும் என் பேர்லதான கெடக்கும்?”

“எண் போட்ட தாளக் கிழிக்க முடியாது, மிஸ் யோ. உங்களுக்கே தெரியும்.”

“கிழிக்க வேண்டாம். தப்புன்னு அது மேலயே எழுதுங்க.”

“யாரு எழுதறது?”

“நீங்க.”

வென்-போ குடுவைகளை அடுக்குவதில் திடீரென மிகுந்த அக்கறை காட்டினார். இயக்குநர் என்னைப் பார்த்தார். தைபெயில் ஒருமுறை எழுந்து நின்றவர் அவர். மறுமுறை நிற்பது எத்தகையது என்பதை அவர் மட்டுமே அறிவார். அது எனக்கும் விளங்கியது. விளங்கியும் நான் பார்வையைத் தாழ்த்தவில்லை.

“இன்னைக்கேவா?”

“சாயங்காலம் வரைக்கும்னு சொன்னது நீங்க.”

நாங்கள் மூவரும் அலுவலகத்துக்கு நடந்தோம். அவர் தம் அறையிலிருந்து அறிக்கையை எடுத்து வந்து, பான் அக்காவின் மேசையில் விரித்தார். பேனாவைத் திறந்து, முடிவு என்னும் பத்தியின் குறுக்கே, தம் அழகிய கையெழுத்தில் எழுதினார்: தவறு. வைரஸ் வளர்ந்தது. இறப்புக்கு வளர்ப்போர் பொறுப்பல்லர். கடைசி வாக்கியத்தை எழுதும்படி நான் கேட்கவில்லை. அதை அவரே எழுதினார். அவருக்குரிய பெருமையை மறைக்க மாட்டேன்.

பான் அக்கா தகரப் பெட்டியைத் திறந்து இயக்குநரின் முத்திரையைத் தேடி எடுத்தார்; வழக்கம்போல மையில் ஒற்றினார்; பதிக்கக் குனிந்தார். லான் கையை நீட்டினார்.

“குடுங்க. நானே குத்தறேன்.”

தவறு என்னும் சொல்லின்மேல் அவர் தம் பெயரை அழுத்தி எடுத்தபோது, மணி மாலை நான்கு இருபத்தேழு.